லேப்டாப்புல ரெண்டு மானிட்டர் மாட்டின கதை: வயர் வாங்கப் போறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது

நான் மெடிக்கல் கோடிங்ல இருக்கேன். ஆபீஸ் சென்னையில, நான் திருச்சியில வீட்டுல இருந்தே வேலை. தெரியாதவங்களுக்காக சொல்றேன், அமெரிக்காவுல ஒரு பேஷண்ட் டாக்டர பாத்துட்டு வந்தா அந்த டாக்டர் எழுதின சார்ட்ட முழுசா படிச்சு, என்ன வியாதி என்ன சிகிச்சைன்னு ஒவ்வொண்ணுக்கும் கோட் போடணும், அத வச்சுதான் இன்சூரன்ஸ் காசு வரும். அதனால எந்நேரமும் நாலு விஷயம் தொறந்திருக்கணும், ஒரு பக்கம் சார்ட், ஒரு பக்கம் கோட் தேடுற சாஃப்ட்வேரான என்கோடர், கைட்லைன்ஸ் பிடிஎஃப் ஒண்ணு, கிளையண்ட் குடுத்த எக்ஸல் ஒண்ணு. இதெல்லாம் ஒரே 14 இன்ச் திரைல. ஆபீஸ்ல உக்காந்திருந்த வரைக்கும் ரெண்டு மானிட்டர் இருந்துச்சு, அதோட அருமை அப்ப தெரியல. வீட்டுக்கு வந்தப்புறம் ஒரு வருஷம் குனிஞ்சே உக்காந்து கழுத்து வலி வந்துருச்சு, அதுகூட பொறுத்துக்கிட்டேன், ஒரு நாள் ஆல்ட்-டேப் தட்டித் தட்டி முந்தின சார்ட்ல இருந்த இடது முழங்கால இந்த சார்ட்டுக்கு போட்டுட்டேன், ஆடிட்ல தப்பு வந்துச்சு. ஐசிடி-10ங்கிற வியாதி கோட் பட்டியல்ல இடது வலது ரெண்டுக்கும் தனித்தனி கோட், ஒரு இலக்கம் மாறினா பேஷண்ட்டோட வேற கால் ஆயிரும். அன்னைக்கு சாயங்காலமே ரெண்டு மானிட்டர் போட்டே ஆகணும்னு முடிவு பண்ணிட்டேன்.

முடிவு பண்ணது ஒரு நாள்ல, எல்லாம் ஒழுங்கா ஓட ஆறு மாசம். அந்த ஆறு மாசத்துல வீணாப் போன காசும் நேரமும் உங்களுக்கு போகக்கூடாதுன்னுதான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

மொதல்ல என்கிட்ட என்ன இருந்துச்சுன்னு சொல்லிடறேன். மானிட்டர் ஒண்ணு புதுசு, 24 இன்ச், 1080பி (1920-க்கு 1080 புள்ளி), பின்னாடி ஒரு ஹெச்டிஎம்ஐ ஒரு விஜிஏ. இன்னொண்ணு வீட்டுக்காரர் ஆபீஸ்ல பழைய சாமான் கழிச்சப்ப கம்மி விலைக்கு எடுத்தது, அதுவும் 24 இன்ச்தான் ஆனா 1920-க்கு 1200, உயரம் கொஞ்சம் ஜாஸ்தி, படிக்கிற வேலைக்கு அந்த கூடுதல் உயரம் ரொம்ப சுகம். அதுல டிஸ்ப்ளேபோர்ட், டிவிஐ, விஜிஏ மூணும் இருக்கு, ஹெச்டிஎம்ஐ மட்டும் கெடையாது. லேப்டாப் கம்பெனி குடுத்தது, இன்டெல் ஐ5 பத்தாம் தலைமுறை, ஒரு ஹெச்டிஎம்ஐ, ரெண்டு டைப்-சி, ரெண்டு சாதா யூஎஸ்பி, சார்ஜரும் டைப்-சி தான்.

டவுன்ல ஒரு கம்ப்யூட்டர் கடைக்கு போயி, "அண்ணே, ஒரு ஹெச்டிஎம்ஐ-ல ரெண்டு மானிட்டர் மாட்டணும்"னு கேட்டேன். அவர் ஒரு ஸ்ப்ளிட்டர் எடுத்து குடுத்தாரு. கேட்ட கேள்விக்கு அவர் குடுத்தது சரிதான், நான் கேட்டதுதான் தப்பு. வீட்டுக்கு வந்து மாட்டினா ரெண்டு மானிட்டர்லயும் படம் வருது, ஆனா ரெண்டுலயும் ஒரே படம். ஸ்ப்ளிட்டர்ங்கிறது ஒரு குழாய்ல வர்ற தண்ணிய ரெண்டு குடத்துக்கு பிரிச்சு விடுற மாதிரி, உள்ள வர்றது ஒரே சிக்னல், அத அப்படியே நகல் எடுத்து அனுப்பும், அவ்ளோதான். கல்யாண மண்டபத்துல நாலு டிவில ஒரே வீடியோ ஓட்ட அது சரி. நமக்கு வேணுங்கிறது ரெண்டு வேற வேற படம், அது லேப்டாப் உள்ளேருந்தே ரெண்டா கெளம்பி வரணும். நடுவுல எந்த டப்பாவ வச்சாலும் வராத படத்த அதால உண்டாக்க முடியாது. இந்த ஒரு விஷயம் மனசுல பதிஞ்சுட்டா பாதி பிரச்சனை அன்னைக்கே தீந்துரும்.

அப்ப லேப்டாப் உள்ளேருந்து எத்தனை படம் கெளம்பும்? இத ப்ராசஸர்ல இருக்கிற கிராஃபிக்ஸ் முடிவு பண்ணும், போர்ட்ட எண்ணிப் பாத்து சொல்ல முடியாது. இன்டெல் ப்ராசஸர்னா அந்த மாடல் நம்பர இன்டெல்லோட சைட்ல போட்டா, கிராஃபிக்ஸ்ங்கிற தலைப்புக்கு கீழ எத்தனை டிஸ்ப்ளேன்னு ஒரு வரி இருக்கும். என் ப்ராசஸருக்கு 3னு போட்டிருந்துச்சு. எட்டாம் தலைமுறை லேப்டாப்புல பரவலா வந்த ஐ5 8250யூ மாதிரி சிப்புக்கும் 3தான், பதினொண்ணுல வந்த ஐ5 1135ஜி7-க்கு 4. இதுல லேப்டாப்போட சொந்த திரையும் ஒண்ணா கணக்கு. ஆக எனக்கு வெளியில ரெண்டு. எங்க டீம்ல ஒருத்தி, அதே மாடல் லேப்டாப், மூணு மானிட்டர் மாட்டுற டாக் (ஒரே வயர்ல லேப்டாப்புல மாட்டினா பல போர்ட் குடுக்கிற டப்பா) ஒண்ண நல்ல விலை குடுத்து வாங்கினா. மூணாவது மானிட்டர மாட்டினதும் லேப்டாப் திரை அணைஞ்சிரும், லேப்டாப் திரைய எரிய விட்டா மூணுல ஒண்ணு இருட்டு. டாக்ல கோளாறுன்னு ரெண்டு தடவை மாத்தி வாங்கினா பாவம். டாக் மேல குத்தமே இல்ல, உள்ள மூணு படம்தான் இருக்கு.

நான் அடுத்து வாங்கினது யூஎஸ்பி-ல மாட்டுற ஒரு அடாப்டர், ரெண்டு ஹெச்டிஎம்ஐ இருக்கும், எந்த லேப்டாப்புலயும் ஓடும்னு போட்டிருந்தான். டிஸ்ப்ளேலிங்க்னு ஒரு தொழில்நுட்பம் அது. கிராஃபிக்ஸ் போர்ட்டே வேண்டாம், ஒரு சாஃப்ட்வேர் திரைல இருக்கிறத சுருக்கி யூஎஸ்பி டேட்டாவா அனுப்பும், அந்தப் பக்கம் இருக்கிற சிப் அத விரிச்சு மானிட்டருக்கு குடுக்கும். நல்ல ஏற்பாடுதான், மூணு படத்தோட எல்லையையும் தாண்டிரலாம். ஆனா டிரைவர் போடணும், கம்பெனி லேப்டாப்புல எனக்கு அட்மின் பாஸ்வேர்ட் கெடையாது. ஐடி டீமுக்கு டிக்கெட் போட்டேன், திரைய புடிச்சு அனுப்புற சாஃப்ட்வேர் எதையும் அனுமதிக்க மாட்டோம்னு பதில் வந்துச்சு. பேஷண்ட் விவரம் பாக்குற மெஷின், அவங்க சொல்றது நியாயம்தான். திருப்பி அனுப்பிட்டேன். கம்பெனி லேப்டாப் வச்சிருக்கவங்க எல்லாரும் தயவுசெஞ்சு இத கவனிங்க, டிரைவர் போடணும்னு எழுதியிருக்கிற எதையும் ஐடி கிட்ட கேக்காம வாங்காதீங்க.

அப்புறம்தான் டைப்-சி பக்கம் போனேன், அதிகமா ஏமாந்ததும் அதுலதான். டைப்-சிங்கிறது அந்த ஓட்டையோட வடிவத்துக்கு மட்டும் பேரு. உள்ள என்ன ஓடும்னு அந்த பேரு சொல்லாது. ஒண்ணு வெறும் டேட்டா, ஒண்ணு டேட்டாவும் சார்ஜும், இன்னொண்ணு அதோட சேத்து வீடியோவும். வீடியோ வர்றதுக்கு டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்னு ஒண்ணு இருக்கணும். பக்கத்துல பொடியா ஒரு குறி இருக்கும், டி-க்குள்ள பி இருக்கிற மாதிரி ஒரு சின்னம் இருந்தா வீடியோ வரும், மின்னல் மாதிரி அம்பு இருந்தா தண்டர்போல்ட், அதுலயும் வரும். பேட்டரி படம் மட்டும் இருந்தா அது சார்ஜத்தான் சொல்லுது, வீடியோவ பத்தி ஒண்ணும் சொல்லல. குறியே போடாம விடுற லேப்டாப்பும் உண்டு, அதுக்கு மாடல் பேர போட்டு ஸ்பெக் ஷீட்ட பாக்கிறது ஒண்ணுதான் வழி. நான் 600 ரூபாய்க்கு ஒரு டைப்-சி டு ஹெச்டிஎம்ஐ வாங்கி ஒரு போர்ட்ல மாட்டி ஒரு ராத்திரி பூரா டிரைவர், ரீஸ்டார்ட்னு போராடினேன், காலைல டார்ச் அடிச்சு பாத்தா அந்த போர்ட் பக்கத்துல சின்னமே இல்ல, பக்கத்து போர்ட்லதான் இருக்கு. மாத்தி மாட்டின நொடில படம் வந்துருச்சு.

சந்தோஷம் கொஞ்ச நேரம்தான். வீடியோ வர்ற அதே போர்ட்லதான் சார்ஜரும் மாட்டணும், இன்னொண்ணுல சார்ஜ் ஏறாது. படம் வேணுமா கரண்ட் வேணுமான்னு நிக்குது. அதனால பவர் டெலிவரி பாஸ்த்ரூ இருக்கிற ஹப் (ஒரு போர்ட்ட பலதா பிரிச்சுக் குடுக்கிற சின்ன டப்பா) ஒண்ணு வாங்கினேன், சார்ஜர ஹப்ல மாட்டினா ஹப் வழியா லேப்டாப்புக்கு போகும். இதுலயும் ஒரு சின்ன விஷயம், ஹப் தனக்குன்னு கொஞ்சம் வாட் எடுத்துக்கும், மிச்சத்ததான் லேப்டாப்புக்கு குடுக்கும், என் 65 வாட் சார்ஜர மாட்டினப்ப சார்ஜர் பத்தலன்னு விண்டோஸ் எச்சரிக்கை காட்டுச்சு. வேலை ஓடுச்சு ஆனா சாயங்காலத்துக்குள்ள பேட்டரி மெதுவா எறங்கும். பெரிய வாட் சார்ஜர் போட்டதும் சரியாயிருச்சு.

வயரும் அப்படித்தான். ஃபோன் கூட வர்ற டைப்-சி வயர் பெரும்பாலும் சார்ஜுக்கும் யூஎஸ்பி 2.0 டேட்டாவுக்கும் மட்டும்தான், வீடியோ போற கம்பி உள்ளயே இருக்காது. பாக்க ஒரே மாதிரி இருக்கும், தடிமன்ல கொஞ்சம் வித்தியாசம் தெரியும் அவ்ளோதான். மானிட்டர்லயே டைப்-சி இருந்து அதுக்கு நேரா வயர் போடுறவங்க, மானிட்டர் பெட்டில வந்த வயர பத்திரமா வச்சுக்கோங்க.

சரி, புது மானிட்டர் ஹப்ல ஓடுது. பழைய மானிட்டர லேப்டாப்போட ஹெச்டிஎம்ஐ-ல மாட்டணும், அதுல டிஸ்ப்ளேபோர்ட் இருக்கே, ஒரு முனைல ஹெச்டிஎம்ஐ இன்னொரு முனைல டிஸ்ப்ளேபோர்ட் இருக்கிற வயர் ஒண்ணு வாங்கினேன். மாட்டினா இருட்டு. இந்த வயருக்கு திசை உண்டு, இது நெறைய பேருக்கு தெரியாது. டிஸ்ப்ளேபோர்ட்ல இருந்து கெளம்பி ஹெச்டிஎம்ஐ மானிட்டருக்கு போற வயர்தான் கடைல சுலபமா கெடைக்கிறது, நம்ம அத திருப்பிப் போட்டா ஓடாது. ஹெச்டிஎம்ஐ-ல கெளம்பி டிஸ்ப்ளேபோர்ட் மானிட்டருக்கு போகணும்னா தனியா ஒரு ஆக்டிவ் கன்வர்ட்டர் வேணும், அதுல யூஎஸ்பி பவர் குடுக்க ஒரு வால் தொங்கும், விலையும் ஜாஸ்தி. அத வாங்கலாம்னு இருந்தப்பதான் வீட்டுக்காரர், "அந்த வெள்ளைக் கலர் டிவிஐ போர்ட் எதுக்கு இருக்கு, அதுல மாட்டக்கூடாதா?"ன்னு கேட்டாரு. மாட்டலாம்! ஹெச்டிஎம்ஐ-யும் டிவிஐ-யும் படத்த அனுப்புற முறை ஒண்ணேதான், நடுவுல சிப்பே வேண்டாம், சாதாரண வயர் போதும், சத்தம் மட்டும் வராது. 1920-க்கு 1200, 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 தடவை படம் மாறுறது) வரைக்கும் சிங்கிள் லிங்க் டிவிஐ தாங்கும், என் மானிட்டர் அதே அளவு. 250 ரூபா வயர். ஆறு மாசமா தேடினது அந்த பழைய போர்ட்ல முடிஞ்சுது.

ஒரு வேளை உங்ககிட்ட விஜிஏ மட்டும்தான் இருக்குன்னாலும் தூக்கிப் போட்றாதீங்க, ஹெச்டிஎம்ஐ டு விஜிஏ கன்வர்ட்டர் ஓடும், ஆனா எழுத்து கொஞ்சம் மங்கலா தெரியும், மானிட்டர்ல ஆட்டோ அட்ஜஸ்ட் பட்டன அமுக்கினா பெரும்பாலும் சீராகும். நாள் பூரா படிக்கிற வேலைக்கு நான் அத பரிந்துரைக்க மாட்டேன்.

இப்ப தம்பி கதை. அவன் சென்னையில கல்யாண ஆல்பம் டிசைன் பண்றான், ஆப்பிளோட எம்1 சிப் இருக்கிற மேக்புக் ஏர் வச்சிருக்கான். அக்கா ரெண்டு மானிட்டர் போட்டுட்டான்னு அவனும் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு போயி ரெண்டு ஹெச்டிஎம்ஐ இருக்கிற டைப்-சி ஹப் ஒண்ணு வாங்கிட்டு பொங்கலுக்கு இங்க வந்தப்ப கையோட எடுத்துட்டு வந்தான். "அக்கா, ஹப் டூப்ளிகேட் போலருக்கு, ரெண்டு மானிட்டர்லயும் ஒரே படம் வருது"ன்னான். எனக்கு ஸ்ப்ளிட்டர் ஞாபகம் வந்துச்சு. என் மேஜைல அந்த ஹப்ப என் லேப்டாப்புல மாட்டினோம், ஒரு பக்கத்துக்கு என் வீட்டுக்காரரோட ஹெச்டிஎம்ஐ மானிட்டர கொண்டு வந்து வச்சு. ரெண்டு மானிட்டர்லயும் வேற வேற படம், லேப்டாப் திரையும் தனியா. வயர புடுங்காம ஹப்ப மட்டும் அவன் மேக்ல மாட்டினோம், ரெண்டுலயும் ஒரே படம். அதே ஹப், அதே வயர், அதே மானிட்டர். திரும்ப என்னோடது, திரும்ப அவனோடது, நாலு தடவை மாத்தி மாத்தி போட்டுப் பாத்தோம், அம்மா சாப்பிட கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க.

விஷயம் இதுதான். ஒரு டிஸ்ப்ளேபோர்ட் வழியா பல படத்த அனுப்புறதுக்கு எம்எஸ்டின்னு ஒரு முறை இருக்கு, 2010ல வந்த டிஸ்ப்ளேபோர்ட் 1.2-லயே சேத்தாங்க. விண்டோஸ், லினக்ஸ், குரோம்புக் எல்லாம் அத எடுத்துக்கும். மேக்ஓஎஸ் அத திரைய நீட்டிக்க பயன்படுத்தாது, நகல்தான் வரும். அதுக்கு மேல எம்1 ஏருக்கு வெளி மானிட்டர் ஒண்ணுதான்னு ஸ்பெக்லயே தெளிவா போட்டிருக்கு, எம்2 ஏருக்கும் அப்படித்தான். எம்3 ஏர்ல மூடிய மூடி வச்சா ரெண்டு, எம்4 ஏர்ல மூடி தொறந்தே ரெண்டு வெளி மானிட்டர். எம்1 ப்ரோ சிப் உள்ள மேக்புக் ப்ரோல ரெண்டு, எம்1 மேக்ஸ்ல நாலு. அதனால மேக் வச்சிருக்கவங்க சிப் பேர மொதல்ல பாருங்க, அப்புறம் டாக். ஹப் விக்கிறவங்க பெட்டி மேல ரெண்டு மானிட்டர்னு பெருசா போட்டுட்டு, மேக்ல நகல்தான் வரும்ங்கிறத ஒரு மூலைல பொடி எழுத்துல போட்டிருப்பாங்க, அந்த பொடி எழுத்துதான் முக்கியம்.

தம்பிக்கு நான் வேண்டாம்னு திருப்பின அந்த டிஸ்ப்ளேலிங்க்தான் கைகுடுத்துச்சு, அவன் மெஷின் அவனோடது, சாஃப்ட்வேர் போட யாரையும் கேக்க வேண்டாம். மேக்ல டிஸ்ப்ளேலிங்க் மேனேஜர் போட்டா ஸ்கிரீன் ரெக்கார்டிங் அனுமதி கேக்கும், அது குடுத்தாதான் படம் வரும், யாரோ திரைய பதிவு பண்றாங்கன்னு பயந்து அத மறுத்துட்டு கருப்புத் திரைய பாத்துக்கிட்டு உக்காந்திருந்தான் ஒரு மணி நேரம். இன்னொண்ணு, அது ஓடுறப்ப காப்புரிமை பூட்டு போட்ட ஓடிடி படம் கருப்பா தெரியும், அது அந்த முறையோட இயல்பு. அப்புறம் படம் சுருக்கி விரிச்சு வர்றதால ஆல்பம் கலர் பாக்குற மானிட்டர நேர் வயர்ல போடச் சொல்லிட்டேன், வாட்சப், ஃபோல்டர் எல்லாம் டிஸ்ப்ளேலிங்க் பக்கம். இந்த பிரிவினை எல்லாருக்கும் சொல்வேன், கண்ணு கூர்ந்து பாக்குற வேலை எதுவோ அது நேர் வயர்ல இருக்கட்டும்.

அவனோட கலர் மானிட்டர் 4கே, அதாவது 1080பி-ய விட நாலு மடங்கு புள்ளி. மொதல்ல அத ஹப் வழியாதான் போட்டான், மவுஸ் அம்பு விட்டு விட்டு நகருது, தலை வலிக்குதுன்னான். செட்டிங்ல பாத்தா 30 ஹெர்ட்ஸ்ல ஓடுது. இதுக்கு கணக்கு இருக்கு, கொஞ்சம் பொறுமையா படிங்க. டைப்-சி வயர் உள்ள வேகமா ஓடுற பாதை நாலு. ஹப்ல யூஎஸ்பி 3 போர்ட் இருந்தா ரெண்டு பாதை அதுக்கு போயிரும், மிச்சம் ரெண்டுதான் வீடியோவுக்கு. டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேகத்துல ஒரு பாதைல உருப்படியா 4.32 ஜிபிபிஎஸ் (நொடிக்கு இத்தனை கிகாபிட் டேட்டா), ரெண்டுக்கு 8.64. 4கே-ய 60 ஹெர்ட்ஸ்ல ஓட்ட ஏறக்குறைய 12.5-ல இருந்து 13 ஜிபிபிஎஸ் வேணும், எடம் பத்தல, அதனால 30-க்கு எறங்கிருது. 1080பி-க்கு 3.5-க்குள்ளதான், அதனால அந்த ரெண்டு பாதைலயே ரெண்டு 1080பி மானிட்டர் நிம்மதியா ஓடும், என் மேஜைல ஓடினதும் அதனாலதான். டிஸ்ப்ளேபோர்ட் 1.4 வேகம் தாங்குற புது ஹப்னா ரெண்டு பாதைலயே 4கே 60 வரும், லேப்டாப்பும் அத தாங்கணும். தம்பிக்கு ஹப்ப விட்டுட்டு டைப்-சி டு டிஸ்ப்ளேபோர்ட் வயர் ஒண்ண நேரா மாட்டச் சொன்னேன், நாலு பாதையும் வீடியோவுக்கே, 60 வந்துருச்சு. பழைய லேப்டாப்போட ஹெச்டிஎம்ஐ 1.4-ஆ இருந்தா அதுலயும் 4கே 30தான், 2.0-ல இருந்துதான் 60. படிக்கிற எழுதுற வேலைக்கு என்கிட்ட கேட்டா 27 இன்ச்ல 1440பி போதும்னுதான் சொல்வேன், 1.4 ஹெச்டிஎம்ஐ-லயே 60 ஹெர்ட்ஸ் ஓடும், எழுத்து அளவும் மாத்த வேண்டாம்.

எல்லாம் மாட்டினப்புறம் வந்த சில்லறை தொந்தரவுகள்தான் என்னைய ரொம்ப படுத்துச்சு. ஹப்புக்கு பக்கத்துல வயர்லெஸ் மவுஸோட டாங்கிள் (யூஎஸ்பி-ல சொருகுற குட்டி ரிசீவர்) இருந்துச்சு, மவுஸ் திடீர் திடீர்னு நிக்கும். பேட்டரி மாத்தினேன், மவுஸையே மாத்தினேன். யூஎஸ்பி 3 ஓடுறப்ப கெளம்புற ரேடியோ இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கமே வருதுன்னு இன்டெல்லே 2012ல ஒரு அறிக்கைல விளக்கியிருக்காங்க. டாங்கிள லேப்டாப்போட மறுபக்கம் மாத்தி ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் வயர் போட்டதும் மவுஸ் பழையபடி ஓடுச்சு.

அடுத்தது நாற்காலி. நான் எழுந்திருக்கும்போது மானிட்டர் ரெண்டு நொடி கருப்பாகி திரும்ப வரும். பேய் புடிச்ச மாதிரி இருக்கும், யார்கிட்ட சொன்னாலும் நம்ப மாட்டாங்க. ஆனா உண்மை, காஸ் லிஃப்ட் வச்ச சுழல் நாற்காலில உக்காந்து எழுந்தா ஒரு நிலைமின் பொறி உண்டாகும், கவசம் சரியில்லாத வீடியோ வயர் அத உள்ள வாங்கி சிக்னல் அறுந்துரும். 3 மீட்டர் மலிவு வயர எடுத்துட்டு ஒன்றரை மீட்டர்ல நல்ல வயர் போட்டேன், அப்புறம் வரல. வயர் எவ்ளோ குட்டையோ அவ்ளோ நல்லது.

கரண்ட் கட் பத்தி சொல்லியே ஆகணும். லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கு, மானிட்டருக்கு இல்ல. கரண்ட் போயி இன்வெர்ட்டர் புடிக்கிற அந்த நொடில மானிட்டர் அணைஞ்சு எரியும், தொறந்திருந்த விண்டோ பூரா லேப்டாப் திரைல வந்து குவிஞ்சு கெடக்கும். விண்டோஸ் 11-ல டிஸ்ப்ளே செட்டிங் உள்ள மல்டிபிள் டிஸ்ப்ளேஸ்னு ஒரு பகுதி, அதுல மானிட்டர வச்சு விண்டோ இருந்த எடத்த ஞாபகம் வச்சுக்கிற டிக் ஒண்ணு இருக்கு, அத போட்டு வைங்க. அப்புறம் சின்ன யூபிஎஸ் ஒண்ணுல மானிட்டரையும் மோடத்தையும் மாட்டிட்டேன், எல்இடி மானிட்டர் பெருசா கரண்ட் இழுக்காது.

வீட்டுல இருந்து சிட்ரிக்ஸ்ல (ஆபீஸ் கம்ப்யூட்டர வீட்டுத் திரைல காட்டுற சாஃப்ட்வேர்) வேலை பாக்குற கோடர்களுக்கு ஒண்ணு. ரெண்டு மானிட்டர் மாட்டியும் சிட்ரிக்ஸ் ஒரு திரைலயே நிக்குதுன்னு நெறைய பேர் கேப்பாங்க. அந்த விண்டோவ சின்னதாக்கி ரெண்டு மானிட்டருக்கும் நடுவுல பாதி பாதியா இழுத்து வச்சுட்டு ஃபுல் ஸ்கிரீன் குடுங்க, ரெண்டுலயும் விரியும். ரிமோட் டெஸ்க்டாப்னா கனெக்ட் பண்றதுக்கு முன்னாடியே ஆப்ஷன்ஸ்ல டிஸ்ப்ளே பக்கத்துல எல்லா மானிட்டரையும் பயன்படுத்துன்னு ஒரு டிக் இருக்கு.

படம் வரலன்னா நான் பாக்குற வரிசை ஒண்ணு கையில பழகிருச்சு. மொதல்ல மானிட்டர் பட்டன்ல சோர்ஸ் சரியா இருக்கான்னு பாப்பேன், பாதி நேரம் அது வேற போர்ட்ட பாத்துக்கிட்டு உக்காந்திருக்கும். அப்புறம் விண்டோஸ் கீயும் பி-யும் (P) அமுக்கி எக்ஸ்டெண்ட்ல இருக்கான்னு. அதுக்கும் வரலன்னா ஹப்ப புடுங்கி, அதோட சார்ஜரையும் புடுங்கி, அரை நிமிஷம் விட்டு மாட்டுவேன். விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (இது B) நாலையும் சேத்து அமுக்கினா கிராஃபிக்ஸ் டிரைவர் புதுசா எழும், திரை ஒரு தடவை மினுக்கும், வேலை எதுவும் போகாது. அதுக்கப்புறமும் இல்லன்னா ஒரு மானிட்டர், ஒரு வயர், நடுவுல ஒண்ணும் இல்லாம நேரா மாட்டிப் பாத்து ஒவ்வொண்ணா சேத்துக்கிட்டே வருவேன், எதச் சேத்தப்ப நின்னுதோ அதுதான் ஆளு. கடைக்காரர்கிட்ட காட்ட ஃபோட்டோ எடுக்கறதுன்னா மொதல்ல லாக்-அவுட் பண்ணிட்டு எடுங்க, பேஷண்ட் பேரு தெரியற திரைய ஃபோட்டோ எடுத்தா நம்ம வேலையே போயிரும்.

இப்ப என் மேஜைல உயரமான பழைய மானிட்டர் நேர் எதிர்ல, அதுலதான் சார்ட், ஏன்னா ஒரு நாளைக்கு பாதி நேரம் கண்ணு அதுலதான். இடது பக்கம் புதுசு, அதுல என்கோடர். லேப்டாப் திரைல எக்ஸலும் மெயிலும். ரெண்டு மானிட்டரும் கண் உயரத்துக்கு வரணும்னு ஸ்டாண்ட் தேடினேன், அப்புறம் பரண்ல பழைய ஐசிடி புக்கும், சிகிச்சைக்கு கோட் போடுற சிபிடி புக்கும் கெடந்தது ஞாபகம் வந்துச்சு. ஐசிடி கோட் வருஷா வருஷம் அக்டோபர் 1-ல மாறிரும், பழைய புக்க வச்சு கோட் போட முடியாது, ஆனா ஒவ்வொண்ணும் செங்கல் மாதிரி கனம். ஒரு மானிட்டருக்கு கீழ ரெண்டு, இன்னொண்ணுக்கு கீழ மூணு. கழுத்து நேரா நிக்குது.